கேமரா வந்த பிறகு வராமல் போனவள்

எங்கள் வீட்டில் கேமரா வைத்தது நான் வழுக்கி விழுந்ததால்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மகன்மேல் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும். அவன் நல்ல பிள்ளை.

ஆடி மாதம். மலையாளத்தில் கர்க்கடகம் என்பார்கள். எங்கள் மலையூர் சக்குபள்ளத்தில் அந்த மாதம் மழை பிடித்தால் விடாது. துவைகல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கால் வைத்தேன். வழுக்கி இடுப்பு தரையில் பட்டது. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. நான் கூப்பிடவில்லை. சேலை முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. அந்தக் கோலத்தில் யாரைக் கூப்பிடுவது? மூன்று மணிக்கு மதினி எப்படியும் வருவாள் என்று மழையில் நனைந்தபடியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகன் கேட்டபோது ஒரு மணி நேரம் என்று குறைத்துத்தான் சொன்னேன்.

மதினி என்றால் சொந்தத்தில் மதினி இல்லை. ஏலத்தோட்டத்தில் ஒரே கூட்டத்தில் காய் எடுத்தவர்கள் நாங்கள். நான் கல்யாணமாகிக் கம்பத்திலிருந்து மலையேறி வந்த அதே வருடம் அவளும் வந்தாள். அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். என் மகன் அவளுக்கு மருமகன் முறை ஆகிவிட்டான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு வளைவு ஏறினால் அவள் வீடு. இருவரும் தோட்ட வேலையை விட்ட பிறகு, தினமும் மூன்று மணிக்கு வெற்றிலைப் பையோடு இறங்கி வருவாள். ஐந்து மணிக்கு ஏறிப் போவாள். பேசுவது அவள். கேட்பது நான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை இருந்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று அழுதுவிடுவேன். அவளிடம் மட்டும் ரெண்டு வார்த்தை பேசுவேன்.

அன்று அவள்தான் என்னைத் தூக்கினாள். தூக்கும்போதே திட்டினாள்.

"இம்புட்டு நேரம் கெடந்தியே, ஒரு சத்தம் குடுத்தா என்னா? வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

எலும்பு முறியவில்லை. சதைதான் கன்றிப்போயிருந்தது. ஆனாலும் திருப்பூரிலிருந்து மகன் அன்று இரவே பஸ் ஏறிவிட்டான். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலை அவனுக்கு. என்னோடு வந்துவிடு என்றான். ஒரு தடவை போய்ப் பதினோரு நாள் இருந்திருக்கிறேன். ஒரு அறையும் அடுக்களையுமாக அவர்களுக்கே இடம் போதாது. நான் படுத்திருந்தால் மருமகள் என்னைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவனும் வற்புறுத்தவில்லை. மறுநாள் குமுளிக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். நெட் இழுக்கிறதற்கு ஆளையும் கூட்டி வந்தான்.

பெட்டிக்குள் இருந்தது கேமரா. நம் உள்ளங்கைக்குள் அடங்கும். சாமி படத்துக்கு மேலே பலகையில் வைத்தான். அதற்கு ஒற்றைக் கண். பக்கத்தில் நீலமாக ஒரு பொட்டு விளக்கு. ஆள் நடந்தால் ஆந்தை மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டே பார்க்கும். முன் அறை முழுவதும் அதற்குத் தெரியும், அடுக்களையில் அடுப்பு வரைக்கும் தெரியும். உள் அறை மட்டும் தெரியாது. தன் போனை என்னிடம் காட்டினான். என் வீடு தெரிந்தது. அதற்குள் ஒரு கிழவி வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

"இனிமே நான் ஒன் பக்கத்துலயே இருக்கிற மாதிரிம்மா" என்றான். "நீ பேசினா எனக்குக் கேக்கும். நான் பேசினா ஒனக்குக் கேக்கும்."

அவன் சொன்ன சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஆள் இருந்தால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கத் தொடங்கினேன்.

முதல் சிக்கல் சாப்பாட்டில் வந்தது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை கேட்காமல் நாம் மட்டும் சாப்பிடக் கூடாது என்று என்னை வளர்த்தார்கள். தோட்டத்திலும் அப்படித்தான், தூக்குவாளியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்து "சாப்பிடறியா" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைப்போம். கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. தட்டைப் போட்டு உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அதனால் மேலே பார்த்து, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டேன். பதில் வராது. அவன் வேலையில் இருப்பான். ஆனாலும் மூன்று வேளையும் கேட்டேன். நல்ல குழம்பு வைத்தால் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினேன். வெளியே போகும்போது, "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். காலை நீட்டி உட்கார்வதை விட்டேன். மத்தியானத்தில் முன் அறையில் முந்தானையை விரித்துப் படுப்பேனே, அதையும் விட்டேன். உள் அறையில் போய்ப் படுத்தேன். அங்கே காற்று கிடையாது.

என்னைப் படுத்தியது ஒன்றே ஒன்றுதான். அவன் பார்க்கிறானா இல்லையா என்று தெரியாது. தோட்டத்தில் கங்காணி மேல்பாதையில் நின்று பார்ப்பார். செடி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், அவர் முகம் தெரியாது. ஆனால் அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பீடி நாற்றம் வரும், தொண்டையைக் கனைப்பார், காலடியில் சருகு நொறுங்கும். அவர் போனதும் இடுப்பை நிமிர்த்திக்கொள்வோம். இந்த நீலப் பொட்டு அப்படி எதையும் சொல்லாது. அவன் பார்த்தாலும் அதே நீலம்தான், பார்க்காவிட்டாலும் அதே நீலம்தான். அதனால் எந்நேரமும் அவன் இருக்கிறான் என்றே வைத்துக்கொண்டேன். இடுப்பை நிமிர்த்த நேரமே இல்லாமல் போயிற்று.

நல்லதும் உண்டு. ஒரு நாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கேமராவிலிருந்து திடீரென்று தடதடவென்று தையல் மிஷின்கள் ஓடும் சத்தம். யாரோ இந்தியில் எதையோ கத்தினார்கள். பிறகு என் மகன் தும்மினான். அவன் சின்ன வயதிலிருந்து தும்மும் தும்மல்தான், இரண்டாகத்தான் வரும். என்னை அறியாமல் "நூறு" என்றேன். அடுத்த தும்மலுக்கு "இருநூறு" என்றேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. கை பட்டுத் தெரியாமல் பொத்தானை அமுக்கியிருப்பான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அன்று முழுவதும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. போனில் அவன் தினமும்தான் பேசுகிறான், என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா என்று. அதிலெல்லாம் கிடைக்காத ஒன்று அந்தத் தும்மலில் கிடைத்தது.

மதினி முதல் தடவை கேமராவைப் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு வந்தாள், செருப்பைக் கழற்றினாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்னா மதினி, பல்லி முட்டையாட்டம்?"

"மகன் வச்சது. என்னயப் பாத்துக்கிறதுக்கு."

"ஒன்னயவா? ஒன்னயப் பாத்து என்னா செய்யப் போறான், பொண்ணு பாக்க வாரவன் மாதிரி?"

அறையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தாள். அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அவளுக்கு ஒரே குஷி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

"என்னா மருமகனே, அத்தைக்குச் சேலை எடுத்தியா, இல்ல சும்மாதான் முழிச்சிக்கிட்டு இருக்கியா?"

"நல்லாருக்கீங்களா அத்தை?" என்றது கேமரா.

மதினி ரெண்டு அடி பின்னால் பாய்ந்தாள். வெற்றிலைப் பை ஒரு பக்கம், பாக்கு ஒரு பக்கம். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "நல்லாருக்கேன்ப்பா, நல்லாருக்கேன். மழைதான் விட மாட்டேங்குது" என்றாள், பஞ்சாயத்து மெம்பரிடம் பேசுகிற மாதிரி. மகன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் மதினி வாயே திறக்கவில்லை. எனக்கு அது புதுசு.

ஆனால் பழகிவிட்டோம். பழக்கம்தான் கெடுத்தது. பலகைக்கு நேர் கீழே, அதன் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து மதினி சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். கண்ணுக்குத் தப்பினால் போதும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அதற்குக் காதும் இருக்கிறது என்று மகன் சொன்னது எங்கள் ரெண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. போகப் போக மூலையையும் விட்டுவிட்டு நடு அறைக்கே வந்துவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு நாள். மதினி தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அது தினமும் உள்ளதுதான். அவளுக்கு மகனும் மருமகளும் கூடவே இருக்கிறார்கள். மருமகள் வீட்டு வேலையெல்லாம் செய்வாள், கெட்ட பெண் இல்லை. ஆனால் கையில் போன் இருக்கும். மதினி சொல்வாள்: "எங்க வீட்ல அவ ஒடம்பு மட்டுந்தான் மதினி குடியிருக்கு. ஆளு எங்கிட்டோ இருக்கா."

அன்று எழுந்து நின்று நடித்தே காட்டினாள். ஒரு கையில் வெற்றிலையைப் போன் மாதிரி பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, இன்னொரு கையால் இல்லாத சட்டியைக் கிண்டினாள். "ஏத்தா, அடிப்பிடிக்குது", "ம்ம்", "ஏத்தா, வீடு பத்திக்கிருச்சு", "ம்ம்", "ஏத்தா, நான் செத்துப்போனேன்", "ம்ம், சரித்தே." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சிரிக்கிறேன் என்று அவளுக்கு வேகம் கூடிவிட்டது. கடைசியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள்: "ஆத்தா வீட்ல ஒழுங்கா ஒரு வேளைச் சோறு பொங்கிப் பழகியிருந்தாத்தான? அங்க அடுப்பே எரிஞ்சிருக்காது."

அது சொல்லக் கூடாத வார்த்தை. அந்தப் பெண்ணின் தகப்பன் சின்ன வயதிலேயே செத்துப்போனார். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் நிஜமாகவே இருந்தன. மதினிக்கும் அது தெரியும். சொல்லிவிட்டு அவளே வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் அப்படித்தான். சொன்னது அந்த அறையோடு போய்விடும். எத்தனையோ வருடமாகப் போயிருக்கிறது.

மறுநாள் மதினி வரவில்லை. மழை என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று பார்த்தால், காலையில் பால் வாங்க எங்கள் வாசலைக் கடந்துதான் போனாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ரெண்டு பேருக்குமாகப் பாலில்லாத கட்டன் காப்பி போட்டுவிட்டு நான் ஒருத்தியே குடித்தேன். நாலாம் நாள் எழுந்து அவள் வீட்டு வேலி வரைக்கும் போனேன். மருமகள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இருமினேன். யாரும் வரவில்லை. கூப்பிட வாய் வராமல் திரும்பி வந்துவிட்டேன்.

ரேஷன் கடை வரிசையில்தான் விஷயம் தெரிந்தது. அவள் எனக்கு மூன்று பேருக்கு முன்னால் நின்றாள். "மதினி" என்றேன். அவள் திரும்பாமல், முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னாள்.

"சில வீட்டுக்குப் போனா சினிமா புடிச்சு ஊரெல்லாம் ஓட்டிர்றாங்கத்தா. நமக்கெதுக்கு வம்பு? நம்ம என்னா நடிக்கவா பொறந்தோம்?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். அரிசியை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

கேமரா பிடித்தது எப்படியோ வெளியே போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து திருப்பூருக்குப் போன் போட்டேன். நானாக மருமகளுக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் அழுதுவிட்டாள். என் மருமகளும் மதினியின் மருமகளும் மலைக்குக் கீழே ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். இன்றைக்கும் தினமும் பேசிக்கொள்கிறவர்கள். கேமரா பார்ப்பதெல்லாம் பதிவும் ஆகுமாம். அன்று ராத்திரி மகனுடைய போனில் மதினி நடிப்பதை இவள் பார்த்திருக்கிறாள். வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள். "பாருடி ஒங்க அத்தைய, எப்படி நடிக்குறாங்கன்னு" என்று அந்தத் துண்டை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டாள். வேடிக்கைக்குத்தான். கடைசி வரைக்கும் கேட்காமல் அனுப்பிவிட்டாள். கடைசியில் அந்த அடுப்பு வார்த்தை இருந்தது.

"எனக்கும் அனுப்பு" என்றேன்.

அனுப்பினாள். பார்த்தேன். மதினி நடிக்கிறாள். அவள் பக்கத்தில் நான் சிரிக்கிறேன். நான் சிரிக்கிறதை நானே பார்த்ததே கிடையாது. போட்டோ எடுக்கும்போதுகூட வாயை மூடிக்கொள்வேன். இதில் பல்லெல்லாம் தெரிய, தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறேன். மதினி அடுப்பு வார்த்தையைச் சொல்லும்போதும் முந்தைய சிரிப்பு அடங்காமல் என் தோள் குலுங்கிக்கொண்டிருக்கிறது. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பெண் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? தன் தரித்திரத்தைச் சொல்லி ரெண்டு கிழவிகள் சிரிக்கிறார்கள் என்றுதானே நினைப்பாள். நான் அதற்குச் சிரிக்கவில்லை என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? படத்தில் இருக்கிறதே.

மகனிடம் கேமராவை எடுத்துவிடு என்று சொல்ல நினைத்தேன். ராத்திரி போனில் ஆரம்பித்தேன். அவன், "ஒன்னயப் பாக்காம நான் எப்படிம்மா நிம்மதியா இருப்பேன்? டீ குடிக்கிறப்ப ஒரு தடவ பாத்துக்கிறேன், நீ நடமாடுறது தெரிஞ்சாப் போதும்" என்றான். சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்தேன். அவன் டீ குடிக்கும் நேரத்தில் என்னைப் பார்க்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இங்கே மதினி போய்விட்டாள். அங்கே அவன் இருக்கிறான். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட வேண்டும் என்பதுபோல் ஆகிவிட்டது.

ஐப்பசி பிறந்தது. மூன்று வாரமாக மதினி வரவில்லை. இந்த மாத மழையை இங்கே துலாமழை என்பார்கள், மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். ஒரு நாள் அடுக்களையை ஒட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று என்னவோ, அதன் பார்வை முதுகில் ஊசி மாதிரி ஏறியது. எழுந்து, கொடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து அதன் தலையில் போட்டேன். யோசித்துச் செய்ததில்லை. துண்டைப் போட்டதும் காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. தகரக் கூரையில் மழைச் சத்தம் காதை அடைத்தது. என் போன் உள் அறையில் சார்ஜில் கிடந்தது. கதவு படார் என்று திறந்தது. மதினி. குடை இல்லை, செருப்பு இல்லை. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்தவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னாச்சு மதினி?" என்றேன்.

"எனக்கு என்னாச்சா? ஒனக்கு என்னாச்சுன்னுல்ல ஓடியாரேன்! ஒம் மகன் போன்ல கத்துறான், 'அத்தை, எல்லாம் இருட்டாயிருச்சு, அம்மா போனை எடுக்க மாட்டேங்குறா, ஓடிப்போய்ப் பாருங்க'ன்னு. நீ போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சு வர்ற வழியில ஒனக்கு ஒப்பாரியே கட்டிட்டேன்டி பாவி! பூண்டா உரிக்கிற?"

துண்டுக்குள்ளிருந்து மகன் குரல் வந்தது. "அம்மா? அத்தையா? அம்மா எங்க? யாராவது பேசுங்க!"

மதினி துண்டைப் பார்த்துக் கத்தினாள். "இருக்காடா! உசுரோடதான் இருக்கா! மகாராணி காலை நீட்டிப் பூண்டு உரிக்கிறா!"

பிறகு அவளுக்கு நினைவு வந்துவிட்டது. என்னோடு பேச்சு இல்லை என்பதும், மேலே இருப்பது என்ன என்பதும். வாயை மூடிக்கொண்டு முந்தானையைப் பிழிந்தாள். "சரி, நான் வாரேன்" என்று திரும்பினாள்.

இப்போது விட்டால் இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. இன்னொரு கையால் துண்டை எடுத்தேன். நீலப் பொட்டு தெரிந்தது.

"ராசா" என்றேன். "நான் சொல்றதக் கேட்டுக்க. குறுக்க பேசாத, எனக்கு மறந்துரும்."

"சொல்லும்மா."

"அத்தை இங்க வந்து பேசுறது ஏங்கூட. ஒங்கூட இல்ல. அவ வீட்டுச் சங்கதிய நம்பி என் வீட்ல கொண்டாந்து வைக்கிறா. அத நான் காப்பாத்தல. அவ வீட்ல இப்ப சண்டை. ஒனக்கு என்னயப் பாக்கணும், சரி, பாத்துக்க. காலைல பாரு, சாயந்தரம் பாரு. மூணு மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் நான் இத அணைச்சுப்போடுவேன். அந்நேரம் இது என் வீடு."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மதினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்நேரம் நீ விழுந்துட்டா என்னம்மா செய்வ?" என்றான் மகன்.

நான் பதில் தேடுவதற்குள் மதினி முந்திக்கொண்டாள். "ஏன்டா மருமகனே, போன தடவ ஒங்காத்தாளத் தூக்குனது ஒன் கேமராவா, நானா?"

"நீங்கதான் அத்தை."

"இப்ப மழையில ஓடியாந்தது?"

"நீங்கதான்."

"அப்பறம் என்னா கேள்வி?"

"சரி அத்தை" என்றான். "என் வீட்டுக்காரி அனுப்புனது தப்பு. ஒங்க மருமககிட்டயும் பேசி மன்னிப்புக் கேட்டுட்டா. ஒங்ககிட்ட பேசத்தான் பயந்துக்கிட்டு இருக்கா."

"பயப்படட்டும்" என்றாள் மதினி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பி போடறேன், உக்காரு என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நான் வாரேன்னு எப்பச் சொன்னேன்? அவன்கிட்ட ஒனக்காகப் பேசுனேன், அம்புட்டுத்தான். எங்க வீட்ல அந்தப் பிள்ள மூணு வாரமா எம் மூஞ்சியப் பாக்காமச் சோத்த வைக்கிது. எனக்குத் தொண்டையில எறங்கல. நானே சொன்ன வார்த்த, யாரக் குத்தம் சொல்ல?"

மழையில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்குக் கேமராவின் வயரைப் பிடுங்கினேன். பொட்டு அணைந்தது. மதினி வரவில்லை. அதற்கடுத்த நாளும் பிடுங்கினேன், வரவில்லை. ரெண்டு மணி நேரமும் நான் ஒருத்தியே அறையில் உட்கார்ந்திருந்தேன். மகனும் இல்லை, அவளும் இல்லை. ஏன் பிடுங்கினோம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஐந்து மணிக்குத்தான் திரும்பச் சொருகினேன்.

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். மதினி இறங்கி வருவாளா என்று காத்திருக்காமல், காலையிலேயே ஏறிப் போனேன். வேலியோடு நிற்கவில்லை. அடுக்களை வாசலுக்கே போனேன். அவள் மருமகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நான் சிரிச்சது ஒன்னயச் சொன்னதுக்கு இல்லத்தா" என்றேன். "அதுக்கு முன்னாடி நடிச்சதுக்கு. ஆனா நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. அது என் தப்பு." அவள் தலையைக் குனிந்துகொண்டு துருவிக்கொண்டே இருந்தாள். போன் பக்கத்தில் திண்டில் கிடந்தது. ரெண்டு தடவை ஒளி வந்தது, அவள் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன். மதினி பின்பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். உள்ளே வரவில்லை.

அன்று மூன்று மணிக்கு மதினி வந்தாள்.

வந்து மேலே பார்த்தாள். பிடுங்கிக் கிடந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அணைச்சாலும் கேக்குமாம்ல சிலது?" என்றாள். "இது கேக்காது" என்றேன். உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். ஏலக்காய் விலை பற்றிப் பேசினாள். ஆனைக்கரையில் யாரோ வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினாள். எல்லாம் ரோட்டில் நின்று யாரிடமும் பேசக்கூடிய பேச்சு. குரலும் பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. நாலரைக்கே எழுந்துவிட்டாள். பத்துப் பதினைந்து நாள் அப்படித்தான் போயிற்று. வருகிறாள், ஆனால் வந்தது பாதி ஆள்தான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் இடையிடையே மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருட்டாகக் கிடக்கும் அந்தக் கண்ணில் யாரும் இல்லை என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் வெயில் அடித்தது. மதினி வரும்போதே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டவள், மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"மதினி, இன்னைக்கு அவ என்னா செஞ்சா தெரியுமா?" என்றாள்.

"யாரு?"

"யாரா? நம்மாளுதான். இட்லியத் தட்டுல வச்சிட்டு, எனக்குக் குடுக்காம, அத ஒரு போட்டோ புடிச்சா பாரு! இங்கிட்டு நிண்டு ஒண்ணு, அங்கிட்டு நிண்டு ஒண்ணு. 'ஏத்தா, இட்லி என்னா கல்யாணமா பண்ணிக்கப் போகுது?'ன்னு கேட்டேன். 'சும்மா இருங்கத்தே, நெழல் விழுகுது'ங்குறா. நானாம், நெழலாம்! பசியில நிக்கிறேன், நான் நெழலு!"

குரல் ஏறிவிட்டது. ரோட்டில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவள் மேலே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இட்லியிலிருந்து சாம்பாருக்குப் போனாள், சாம்பாரிலிருந்து தன் மகனுக்குப் போனாள், அவனையும் விடவில்லை. அந்தப் பெண்ணின் ஆத்தா வீட்டை மட்டும் தொடவில்லை. அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வந்து சுற்றிக்கொண்டு போய்விட்டாள், அதையும் கவனித்தேன்.

அவள் ஏறிப் போகும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. மகன்.

"மணி ஆறாகப் போகுது, இன்னும் போடல? நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்ப்பா. அத்தை இப்பத்தான் போறா. பேசிக்கிட்டு இருந்தோம்."

"அஞ்சு மணி தாண்டியுமா? அப்படி என்னம்மா பேசுனீங்க?"

நான் வயரை எடுத்துச் சொருகினேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.